வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்ததல்ல
2024 அக்டோபரில் கிடைத்த 4 கோடியே 10 லட்சம் இலக்கப் பகா எண்ணை, அதைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றாலும் கணினி வகுத்துப் பார்த்தே உறுதி செய்தது என்று கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. வர்க்கமூலம் வரை மட்டும் வகுத்தாலும் 2 கோடி இலக்க எண்கள் வரை போக வேண்டும். எந்தக் கணினிக்கும் நடக்காத காரியம். இது 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் மெர்சென் எண் என்பதால்தான் வேலை நடந்தது. இவ்வகை எண்களுக்கென்றே லூகாஸ்-லெமர் சோதனை இருக்கிறது: 4-இல் தொடங்கி, அதை வர்க்கப்படுத்தி 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு தடவை குறைவாகச் செய்து முடிக்கும்போது மீதி 0 வந்தால் பகா எண். அடுக்கு 5 உள்ள 31-க்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: 4, 14, 8, 0. மூன்றே படி, அவ்வளவுதான். அடுக்கு 11 உள்ள 2047-க்குப் போட்டால் கடைசியில் 1736 நிற்கும். அப்போது அது பகு எண் என்று தெரிந்துவிடும், ஆனால் 23, 89 என்ற அதன் காரணிகளைப் பற்றி இந்தச் சோதனை வாயே திறக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். அப்புறம், கணினி இல்லாத காலத்தில் இதெல்லாம் ஏது என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். சோதனையின் பெயரில் இருக்கும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-இலேயே 39 இலக்க மெர்சென் எண் ஒன்றைக் கையால் கணக்குப் போட்டுப் பகா எண் என்று காட்டிவிட்டார். 1951 வரை தெரிந்தவற்றில் அதுதான் மிகப் பெரியது.