சீமோர் ஹெர்ஷ்: பெயரைப் பார்த்து நம்பலாமா?

ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் போகும் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாயைத் தகர்த்தது அமெரிக்காதான் என்று 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் எழுதினார். பகிர்ந்தவர்கள் பலரும் சொன்ன ஒரே காரணம், "எழுதியது ஹெர்ஷ், சும்மா எழுத மாட்டார்." மறுத்தவர்களோ, கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்றார்கள். இரண்டு தரப்புமே கட்டுரையைப் படிக்கச் சோம்பல்பட்டு ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பது என் எண்ணம்.

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பாருங்கள். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாயில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பார்க்காமல் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் விஷயம் வெளியே வரவில்லை. 1969-இல் ஹெர்ஷ் எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. ஒரு ராணுவ அதிகாரிமேல் கொலை வழக்கு இருக்கிறது என்று மட்டும் காதில் விழுந்தது. அந்த அதிகாரியின் வக்கீலைத் தேடிப் போனார். மேசைமேல் இருந்த குற்றப்பத்திரிகையை எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படித்து, வக்கீல் பேச்சைக் குறிப்பெடுப்பதுபோல அதைக் குறித்துக்கொண்டார். 109 கொலைகள். பிறகு ஃபோர்ட் பென்னிங் முகாமுக்குப் போய் அலைந்து திரிந்து, அந்த அதிகாரி வில்லியம் கேலியையே கண்டுபிடித்துப் பேசவைத்தார்.

லைஃப், லுக் இரண்டு இதழ்களும் கட்டுரையை வேண்டாம் என்றன. ஒரு சின்னச் செய்தி நிறுவனம் வழியாக நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் வந்தது. அப்புறம் அமெரிக்காவின் இந்தியானாவில் பால் மெட்லோவின் வீட்டுக்குப் போனார். மெட்லோ மை லாயில் சுட்டவர்களில் ஒருவர், கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவர். அவருடைய அம்மா சொன்னது: "நல்ல பையனைத்தான் அனுப்பினேன், கொலைகாரனாக்கிவிட்டார்கள்." 1970-இல் ஹெர்ஷுக்கு அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் கிடைத்தது.

(ரான் ரைடனவர் என்ற முன்னாள் சிப்பாய் அதற்கு முன்பே, 1969 மார்ச்சில், அமெரிக்க எம்.பி.க்கள் பலருக்கும் கடிதம் எழுதியிருந்தார். வழக்கே அதனால்தான் வந்தது. அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?)

மை லாய் கட்டுரைகளில் ஆவணம் இருக்கிறது, பெயர் சொல்லிப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்களும் நானும் போய்ச் சரிபார்க்கலாம். 2004-இல் இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் செய்த கொடுமையை எழுதியபோதும் அமெரிக்க ராணுவத்தின் 53 பக்க அறிக்கை அவர் கையில் இருந்தது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்ததை 1974-இல் எழுதியபோது பெயர் சொல்லாத வட்டாரங்கள் நிறைய உண்டு, சரி. ஆனால் நியூயார்க் டைம்ஸில் அவரைக் கேள்வி கேட்க ஆசிரியர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டே செனட் குழு விசாரணையும் வந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் மொரார்ஜி தேசாய். அவர் சிஐஏவிடம் பணம் வாங்கியவர் என்று 1983-இல் ஹெர்ஷ் தன் புத்தகத்தில் எழுதினார். தேசாய் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். தகவல் தந்தவர்கள் யார் என்று ஹெர்ஷ் கடைசிவரை சொல்லவில்லை. 1989-இல் ஜூரி தீர்ப்பு ஹெர்ஷ் பக்கம். ஆனால் அந்த ஊர்ச் சட்டப்படி, பொய்யென்று தெரிந்தோ அலட்சியமாகவோ எழுதினார் என்று தேசாய்தான் நிரூபிக்க வேண்டும். வழக்கில் தோற்றதால் தேசாய் பணம் வாங்கியது உண்மையென்று ஆகிவிடாது. இன்றும் அதை நிரூபணமான சங்கதி மாதிரி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

நார்ட் ஸ்ட்ரீம் கட்டுரைக்கு வருவோம். பிரதானமாகப் பெயர் தெரியாத ஒரே ஒருவர் சொன்னது, வந்தது ஹெர்ஷின் சொந்த இணையப் பக்கத்தில். வெள்ளை மாளிகை மறுத்தது. அவர்கள் மறுக்காமல் என்ன செய்வார்கள், அதை விடுங்கள். ஜெர்மன் விசாரணை உக்ரைன் நாட்டவர்கள் பக்கம் போய், 2024-இல் பிடிவாரண்டும் போட்டது. நாளைக்கே ஹெர்ஷ் சொன்னது சரியென்று ஓர் ஆவணம் வெளிவரலாம், வந்தால் ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை அந்தக் கட்டுரையை நான் பகிரப் போவதில்லை, புலிட்சரைக் காட்டி என்னிடம் வாதாடவும் வராதீர்கள்.