சுற்றுக் கணக்கு தெரியாத கருவி

மதுரை சிம்மக்கல் பக்கம் என் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை நாள்களில், எரிந்துபோன கிரைண்டர் மோட்டாரிலிருந்து பழைய கம்பியை அறுத்தெடுத்து, சுற்றுகளை எண்ணி நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. "சுத்து குறைஞ்சா கரண்டு கூடும்டா, கரண்டு கூடுனா எரியும்" என்று அவர் அன்று சொன்ன பாடம், 2014-இல் மான்செஸ்டரில் என் வேப் கருவிக்கு (நிக்கோடின் திரவத்தைக் காயிலால் சூடாக்கி ஆவியாக்கும் மின்சிகரெட்) நானே காயில் சுற்றத் தொடங்கியபோது அப்படியே கைகொடுத்தது.

சிகரெட்டை விட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, பேனா போன்ற ஒரு ஈகோ வகை வேப் பேட்டரியின் துணையோடு. பிறகு வந்த கருவிகளில் கந்தால் என்ற சூடேறும் கம்பியைத் திருப்புளியில் சுற்றி, நடுவே திரவத்தை உறிஞ்சப் பஞ்சைச் செருகி, மீட்டரில் ஓம் பார்த்த பிறகுதான் பேட்டரியைப் போடுவேன். முழுதாக ஏறிய 18650 என்ற வகை லித்தியம் செல்லில் 4.2 வோல்ட் இருக்கும், காயில் 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் இழுக்கும். என் செல் தாங்குவதோ 20. ஆகவே 0.5 ஓமுக்குக் கீழே நான் இறங்கியதே இல்லை. வீடெல்லாம் பஞ்சும் பிசுபிசுப்புமாகக் கிடக்கிறது என்று மனைவி சொன்னதில் தவறு ஒன்றுமில்லை.

இப்போது கையில் இருப்பது கட்டைவிரல் அளவுள்ள, ‘பாட்’ எனப்படும் சிறிய வேப் கருவி. பொத்தான் கிடையாது, இழுத்தால் உள்ளே உள்ள சென்சார் காற்றை உணர்ந்து தானே சூடேற்றுகிறது. கம்பிச் சுற்றுக்குப் பதிலாக வலைபோன்ற தகடு இருப்பதால் வெப்பம் சீராகப் பரவுகிறது, சுவையும் நன்றாகவே இருக்கிறது. (மாம்பழம் என்று எழுதியிருக்கும் திரவத்துக்கும் நத்தம் மாம்பழத்துக்கும் எந்த உறவும் இல்லை, அது அன்றும் அப்படித்தான்.) என்னோடு தங்கியிருந்த நண்பர் ஒருவர் இப்படி எளிமையான கருவி வந்த பிறகுதான் சிகரெட்டை விட்டார் என்பதால், இதை முழுதாகக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

என் குறை நிக்கோடின் உப்பைப் பற்றியது. பழைய திரவத்தில் நிக்கோடின் கூடினால் தொண்டை எரியும்; அந்த எரிச்சலே போதும் என்று சொல்லும் காவல்காரன். உப்புத் திரவத்தில் பென்சாயிக் அமிலம் போன்ற ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்துவிடுவதால், பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான மில்லிக்கு 20 மில்லிகிராமும் வழுவழுவென்று இறங்குகிறது. முன்பு ஒரு நாளைக்கு மில்லிக்கு 3 மில்லிகிராம் உள்ள திரவத்தில் 6 மில்லி தீர்ப்பேன். மொத்தம் 18 மில்லிகிராம். பாட் கருவிக்கு மாறிய பிறகு 2 மில்லிதான் தீர்கிறது, புகைமூட்டமும் இல்லை, குறைத்துவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நோட்டில் போட்டுப் பார்த்தால் 40 வந்தது. திரவத்தில் உள்ளது அத்தனையும் உடலில் சேர்வதில்லை என்றாலும், இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதை மேகம்போல் வந்த அந்தப் பழைய ஆவி மறைத்திருக்காது, இந்தச் சின்ன ஆவி மறைத்துவிட்டது.

இதை மதுரையிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2018-இலும் நாடு முழுவதும் 2019-இலும் மின்சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டதால், விடுமுறைக்கு வரும்போது கருவியை மான்செஸ்டர் வீட்டு இழுப்பறையிலேயே விட்டுவிடுவேன். பாட் கருவிக்கு மாறுவதற்கு முன், 2022-இல் வந்தபோது இரண்டு நாள் லேசான எரிச்சலோடு சரி. மருந்துக் கடையில் வாங்கிய 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் அட்டையில் பாதி மிச்சமானது. இந்த முறை ஐந்தாம் நாளே இரண்டாவது அட்டை தீர்ந்துவிட்டது, இரவு மூன்று மணிக்கு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தேன், காரணமே இல்லாமல் அம்மாவிடம் இரண்டு தடவை எரிந்து விழுந்தேன்.

மான்செஸ்டர் திரும்பியதும் பாட் கருவியை மாற்றப்போவதில்லை; பஞ்சு சுற்ற இந்த வயதில் கண்ணும் ஒத்துழைக்காது. 20-ஐ 10 ஆக்கி, தினமும் எத்தனை மில்லி தீர்கிறது என்பதை அப்பாவின் கடை நோட்டைப்போல ஒன்றில் எழுதிவைக்கப்போகிறேன்.