ஸ்பானிஷை விட்டால் காலேஜ் கிடைக்காதாமே!

சனிக்கிழமை அந்த வாட்ஸாப் குரூப்பில் என் பெண்ணைப் பற்றி என்ன ஓடியது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். “பொண்ணு ஸ்பானிஷை விட்டுட்டாளாம், அம்மாவும் சரின்னுட்டாங்களாம், இனி காலேஜ் அவ்ளோதான்.” நான் எழுதியதில் ‘மூணு வருஷம் முடிச்சாச்சு’ என்ற வரியை மட்டும் கச்சிதமாக வெட்டியிருந்தார்கள். கைவேலை பிரமாதம்.

பொறுமையாகவே சொல்கிறேன். பெர்க்லி, யூசிஎல்ஏ, டேவிஸ் என்று எந்த யூசியாக (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) இருந்தாலும், ஹைஸ்கூலில் படித்திருக்க வேண்டிய பாடங்களின் ஏ-ஜி பட்டியலில் கேட்பது ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி, 2 வருஷம். 3 இருந்தால் நல்லது என்கிறார்கள். என் பெண் 3 முடித்துவிட்டாள். விட்டது நாலாவது வருஷம். அந்த இடத்தில் ஏபி பயாலஜி, அதாவது ஹைஸ்கூலிலேயே காலேஜ் தரத்தில் பயாலஜி எடுத்திருக்கிறாள், தூங்கிக்கொண்டு இருக்கவில்லை.

“ஹார்வர்ட் 4 வருஷம் படிக்கச் சொல்லுதே?” சொல்கிறது. அவள் ஹார்வர்டுக்குப் போடவில்லை. அடுத்தது.

“எடுத்த பாடங்கள் எவ்வளவு கஷ்டம்னு ஸ்கூல் கவுன்சலர் டிக் போடுவாரே?” பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் போடுவார். யூசி விண்ணப்பத்தில் அந்தப் படிவமே கிடையாது. தனியார் கல்லூரி ரெண்டுக்கும் போடுகிறாள்தான். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

திரும்பவும் சொல்கிறேன், கேட்டது 2, படித்தது 3.

மொழியை மதிக்கத் தெரியாதவள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கொஞ்சம் சுட்டது, ஏனென்றால் நான் ப்ளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தவள். அப்பா தமிழ் வாத்தியார். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேராது என்று தெரிந்தும் எடுத்தேன், டோட்டல் அழகாக இருக்க வேண்டுமே! பிரெஞ்சில் 200க்கு 188. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மார்க் ஷீட்டை மடித்து அலமாரியில் வைத்தார். இன்று அந்த பிரெஞ்சில் எனக்கு மிச்சம் ‘போன்ஷூர்’ மட்டும்.

ஆனால் என் பெண் ஒன்பது வருஷமாக வாரக்கடைசியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். தாத்தாவிடம் போனில் தப்பும் தவறுமாகத் தமிழிலேயே சண்டை போடுகிறாள். ஏபி தேர்வு ஸ்பானிஷுக்கு உண்டு, ஜப்பானிய மொழிக்கு உண்டு, யாரும் பேசாத லத்தீனுக்குக்கூட உண்டு, தமிழுக்கு இல்லை. அதைப் பற்றி அந்த குரூப்பில் ஒருவராவது மூச்சு விட்டதுண்டா? உங்கள் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தி ரோபாட்டிக்ஸில் சேர்த்தபோது நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேனா?

என் பெண்ணும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டாள். “இதைப் போட்ட ஆன்ட்டி நம்ம வீட்டு கொலுவுக்கு வந்தவங்கதானேம்மா?” என்று கேட்டாள். ஆமாம், சுண்டல் டப்பாவில் கட்டிக்கொண்டும் போனார்கள்.

இதையும் யாராவது குரூப்பில் போடத்தான் போகிறீர்கள். போடுங்கள். இந்த முறை ‘மூணு வருஷம்’ என்ற வரி வெட்டுப்படாமல் எடுங்கள்.