ஆப்பிரிக்கான்னா மட்டும் ஏன் இந்த பயம்?

கென்யா போறேன்னு வீட்ல சொல்லிப் பாருங்க. "ஆப்பிரிக்காவா? ஊர் உலகத்துல வேற இடமே கிடைக்கலியா?"ன்னுதான் முதல் பேச்சே வரும். அப்புறம் பெரியப்பா போன் பண்ணுவார், சித்தி போன் பண்ணுவாங்க, கொள்ளையடிப்பாங்க, கடத்திட்டு போயிடுவாங்க, என்னமோ நோய் வரும்னு வரிசையா சொல்லுவாங்க. இதே வீட்ல பையன் டெக்சாஸ்ல எம்.எஸ். படிக்கப் போறான்னா ஏர்போர்ட்டுக்கு ரெண்டு வண்டி நிறைய ஆள் போய் வழியனுப்புறோம். அமெரிக்காவுல 2021ங்குற ஒரே வருஷத்துல துப்பாக்கியால செத்தவங்க 48,000க்கும் மேல, அதுல பாதிக்கு மேல தற்கொலைன்னு கழிச்சாலும் மிச்சம் சின்ன கணக்கு இல்ல. ஆனா அதுக்காக யாரும் "அமெரிக்கா வேணாம்"னு சொல்றதில்ல. எந்த சிட்டி, எந்த ஏரியான்னு விசாரிக்கிறோம், யூனிவர்சிட்டி பக்கத்துலயே வீடு பாக்குறோம், ராத்திரி தனியா நடக்காதடான்னு சொல்லி அனுப்புறோம். 54 நாடு இருக்குற ஒரு கண்டத்துக்கு அந்த விசாரிப்பு ஏன் கிடைக்க மாட்டேங்குது?

அங்க ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல வரல. இருக்கு. நான் கென்யா தலைநகர் நைரோபில ஏறுன டாக்சிக்காரர் முதல் சிக்னல் வர்றதுக்கு முன்னாடியே திரும்பி, போனை மடியில இறக்கி வைங்க, கண்ணாடிய ஏத்துங்கன்னார். வண்டி நின்னா ஜன்னல் வழியா கைய விட்டு போனைப் பிடுங்கிட்டு ஓடிருவாங்களாம். கொஞ்ச தூரம் போனதும் அவரே, இந்த ரோட்ல பயமில்ல, போட்டோ எடுக்கணும்னா எடுத்துக்கங்கன்னு என் பக்கத்து கண்ணாடிய இறக்கி விட்டார். எனக்கு அந்த மனுஷன் சொன்னதுதான் மொத்த விஷயமும்னு தோணுது. ஊரைத் தெரிஞ்சவங்க பயம் அப்படித்தான் இருக்கும், எந்த ரோடு, எத்தன மணி, என்ன திருட்டுன்னு அதுக்கு ஒரு அளவு இருக்கும். ரிவர் ரோடு பக்கம் இருட்டுன பிறகு நடக்காதீங்கம்பாங்க, காருரா காட்டுக்குள்ள காலைல வாக்கிங் போங்கன்னு அவங்களேதான் சொல்லுவாங்க. சோமாலியா எல்லைய ஒட்டுன மண்டேரா, கரிஸ்ஸா பக்கம் டூரிஸ்ட் யாரையும் போகச் சொல்ல மாட்டாங்க.

தீவிரவாதத் தாக்குதல் நடந்திருக்கேன்னு கேப்பீங்க. நடந்திருக்கு. 2013 செப்டம்பர்ல நைரோபி வெஸ்ட்கேட் மால்ல 67 பேரக் கொன்னாங்க, செத்தவங்கள்ல இந்தியர்களும் இருந்தாங்க. 2015 ஏப்ரல்ல கரிஸ்ஸா யூனிவர்சிட்டில 148 பேர், பெரும்பாலும் மாணவங்க. அந்தக் குடும்பங்களோட துக்கத்த நான் குறைச்சுப் பேசவே மாட்டேன். ஆனா மும்பைல 2008 நவம்பர்ல நடந்ததுக்காக யாராவது கொடைக்கானல் டிரிப்ப இன்னைக்கு வரைக்கும் வேணாம்னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? தான்சானியாவுல சிங்கம் பாக்கப் போறவன் கிட்ட "நைஜீரியாவுல கடத்துறாங்களாமே"ன்னு கேக்குறதும் அதேதான்.

2014ல எபோலா வந்தப்ப, இப்படி மொத்த கண்டத்தையும் ஒரே ஊரா பாக்குறது உலகம் முழுக்க நடந்துச்சு. நோய் பரவுனது கினி, சியரா லியோன், லைபீரியா, மூணுமே மேற்குக் கடைசியில இருக்குற நாடு. 11,000 பேருக்கு மேல செத்தாங்க. கென்யா, தான்சானியாவுக்கு சஃபாரி புக் பண்ணவங்க கொத்து கொத்தா கேன்சல் பண்ணாங்க. மேப்ப எடுத்து அளந்து பாருங்க, சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுன்ல இருந்து நைரோபிய விட ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்தான் கிட்ட. மாட்ரிட்ல ஒரு நர்ஸுக்கு எபோலா வந்தே வந்துச்சு, கென்யாவுல ஒருத்தருக்கும் வரல. ஆனா பொழப்பு போனது கென்யாவோட மசாய் மாரா சரணாலயம் பக்கம் டூரிஸ்ட்ட நம்பி ஜீப் ஓட்டுற டிரைவருக்கும், கேம்ப்ல சமைக்கிறவருக்கும்தான்.

நான் நேராவே சொல்லிடறேன், இதுல பாதி பாதுகாப்புப் பயமே இல்ல, தோல் நிறத்தப் பாத்து வர்ற பயம். நம்ம சினிமாவுல ஆப்பிரிக்கர் வந்தா போதைப்பொருள் விக்கிறவரா வருவார், இல்ல ஹீரோகிட்ட அடி வாங்குற தடியனா வருவார். அதப் பாத்தே வளந்த கண்ணோடதான் நாம விசா பாரம் நிரப்புறோம். யாருக்கு யாரால ஆபத்துங்குறதையும் சேத்துத்தான் பேசணும். 2016ல பெங்களூர்ல ஒரு சூடான் மாணவர் ஓட்டுன கார் மோதி ஒரு பெண் இறந்துட்டாங்கன்னு, அதுக்கு சம்பந்தமே இல்லாம அந்தப் பக்கம் வந்த தான்சானியா மாணவிய கும்பல் சேந்து அடிச்சு டிரஸ்ஸக் கிழிச்சாங்க. 2017ல கிரேட்டர் நொய்டால நைஜீரிய மாணவர்கள மாலுக்குள்ளயே விரட்டி விரட்டி அடிச்சாங்க, அதுக்கு முன்னாடி அந்த ஏரியால பரவுன வதந்தி, இவங்க மனுஷக் கறி சாப்பிடுறவங்கன்னு. அந்தப் பிள்ளைங்களோட அம்மாக்கள் இந்தியாவ நினைச்சு எவ்வளவு பயந்திருப்பாங்க.

நம்மளப் பத்தியும் கென்யாவுல ஒரு முத்திரை இருக்கு. இந்தியன்னா கடை முதலாளி, கஞ்சன், வேலைக்காரங்கள மதிக்காதவன். 1896ல இருந்து 1901 வரைக்கும் ரயில் பாதை போட பிரிட்டிஷ்காரன் கூட்டிட்டுப் போன 32,000 பேரு, பெரும்பாலும் பஞ்சாப்காரங்க, அதுல 2,500 பேரு வரைக்கும் அங்கயே செத்தாங்க, அப்புறம் குஜராத்திங்க கடை போட்டாங்க, இப்படி நூறு வருஷத்துக் கதை. கென்யா அரசு 2017ல இப்படிப் போன இந்திய வம்சாவளிக்காரங்கள நாட்டோட 44ஆவது இனக்குழுவாவே அறிவிச்சிடுச்சு. அந்த முத்திரை முழுப் பொய்யின்னும் என்னால சொல்ல முடியல. நைரோபில நான் சாப்பிடப் போன ஒரு இந்தியர் வீட்ல, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு அடுப்படி மூலையில தனி டம்ளர், தனி தட்டு. பாத்ததும் வயிறு எரிஞ்சுது. அதே அம்மா தேச்ச சப்பாத்தியத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். எண்ணெய் தடவி மடிச்சு மடிச்சு, கிட்டத்தட்ட நம்ம பரோட்டா மாதிரி அடுக்கடுக்கா வரும். கென்யாக்காரங்களுக்கு இப்ப அது அவங்க சாப்பாடு, பாசிப்பயறு குழம்போட, கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீட்டுக்கு வீடு சப்பாத்திதான்.

இன்னொண்ணு. வெளிநாட்டுப் பொண்ணு ஒருத்தி இந்தியா வர பயமா இருக்குன்னு எழுதினா நமக்கு சுருக்குன்னு குத்துது, "எங்க ஊர் அப்படி இல்லம்மா, தமிழ்நாட்டுக்கு வந்து பாரு"ன்னு விளக்கம் சொல்ல ஓடுறோம். அவ பயத்துக்கும் காரணம் இருக்கு, 2024 மார்ச்ல ஜார்க்கண்ட் தும்காவுல ஸ்பெயின் பெண்ணுக்கு நடந்த கொடுமை உலகம் முழுக்க செய்தி. அமெரிக்க அரசு தன் மக்களுக்குக் குடுக்குற பயண எச்சரிக்கைல 2024ல இந்தியாவும் லெவல் 2, கென்யாவும் லெவல் 2, அதாவது ரெண்டுக்கும் 'கூடுதல் கவனமா இருங்க'ன்னுதான். தமிழ்நாட்ட தனியா பாருங்கன்னு அவங்ககிட்ட கேக்குற நாம, நைரோபியவும் செனகல் தலைநகர் டாக்கரையும் ருவாண்டா தலைநகர் கிகாலியவும் தனித்தனியா பாக்க மாட்டோம்னா அது நியாயமே இல்ல.

போற முடிவுல இருக்குறவங்க முதல்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கங்க, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியே போடணும், ஒரு தடவ போட்டா சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும். அந்த கார்டு இல்லாம கென்யாவுல இருந்து திரும்புனா நம்ம ஏர்போர்ட்லயே பிடிச்சு 6 நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. கென்யாவுக்கு 2024ல இருந்து விசா இல்ல, ஆன்லைன்ல இ.டி.ஏ.ங்குற பயண அனுமதி வாங்கினா போதும். மசாய் மாராவுல வில்டபீஸ்ட்ங்குற, மாடு மாதிரி இருக்குற மான் கூட்டம் கூட்டமா ஆறு தாண்டுறது பாக்கணும்னா ஜூலைல இருந்து அக்டோபருக்குள்ள போங்க. நைரோபில எந்த ஏரியாவுல தங்கலாம், ராத்திரி எதுல வரலாம்னு என்கிட்ட கேளுங்க, தெரிஞ்சது எல்லாம் சொல்றேன்.