பத்தே நிமிஷ நடையாம்!

ரோம்ல அக்வடக்ட் பார்க், அதான் அந்தக் காலத்துல ஊருக்கு தண்ணி கொண்டு வந்த வளைவு வாய்க்காலுங்க நிக்கிற பூங்கா, அங்க போகணும்னா ஜூலியோ அக்ரிகோலா மெட்ரோல இறங்கி பத்து நிமிஷம் நடந்தா போதும்னு ஆளாளுக்கு சொல்றாங்கப்பா. பார்க்குக்கு பத்து நிமிஷம் சரி, நாம பாக்க வந்தது என்ன வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கா? மேப் ஆப்பை நம்பி நடந்தா அது பாட்டுக்கு வேலி இருக்குற பக்கம் கூட்டிட்டு போய் நிறுத்திட்டு "வந்து சேர்ந்துட்டீங்க"ங்குது, மறுபடி சுத்தி வரணும், உச்சி வெயில், நிழலும் கம்மி.

இதுல இன்னொரு கடுப்பு, அங்க குட்டையா ஒரு வளைவு வரிசை ஓடுதுல்ல, அது அக்வா ஃபெலிச்சே, 16ஆம் நூற்றாண்டுல போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் கட்டவெச்சது. அது கூட ஒரு செல்ஃபி எடுத்து ஏன்ஷியன்ட் ரோம்னு போஸ்ட் போட்டுட்டு திரும்பிடுறாங்க. அட கொஞ்சம் தள்ளி நடங்கப்பா, நெட்டையா நிக்குதே அந்த வளைவுங்க, அதுதான் அக்வா க்ளாடியா, கி.பி. 38ல ரோமப் பேரரசர் காலிகுலா ஆரம்பிச்சு 52ல பேரரசர் க்ளாடியஸ் முடிச்சது. கிட்டத்தட்ட 69 கிலோமீட்டர், பெரும்பகுதி பூமிக்கு அடியில, மோட்டாரும் கிடையாது பம்பும் கிடையாது, லேசான சரிவை வெச்சே மலையிலேர்ந்து ஊருக்குள்ள தண்ணி கொண்டு வந்திருக்கானுங்க. நமக்கு சாட்டிலைட் வெச்சும் ஒரு கேட்டு சரியா காட்ட வரல.

போறவங்க காலையிலயே போயிடுங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, நல்ல ஷூ போடுங்க. அந்த பத்து நிமிஷ கதையை மட்டும் நம்பாதீங்க.