மாப்பிள்ளைக்குப் பிடித்த கல்

(வீட்டு முன்புறம். பத்தடி அகலம், இருபதடி நீளத்துக்கு வெறும் மண். கார் நிறுத்த அங்கே தரை போடப் போகிறார்கள். மாப்பிள்ளை கையில் போன். மாமனார் கையில் அளவு டேப். மாமனார் ரோடு வேலையில் ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையைத் திட்டுவதில்லை என்று மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்.)

மாப்பிள்ளை: கல்லு முடிவாயிடுச்சு மாமா. கருப்பு கிரானைட், முழு பாலிஷ். முகமே பாத்துக்கலாம்.

மாமனார்: பேஷா பாத்துக்கலாம் மாப்ளே. மழை பெஞ்ச அன்னிக்கு ரொம்பக் கிட்டத்துல பாப்பீங்க.

மாப்பிள்ளை: வழுக்குமா?

மாமனார்: பாலிஷ் கல்லுல ஈரம் பட்டா கால் நிக்காது. கிரானைட்டே வேணும்னா நெருப்புல சுட்டுச் சொரசொரப்பாக்கினதைக் கேளுங்க, ஃப்ளேம்டுன்னு சொல்வாங்க. அதுலயும் வெளிர் நிறம். கருப்பு, வெயிலைக் குடிச்சு வச்சுக்கும். செருப்பை எடுக்க ஓடுவீங்க, செருப்பும் அந்தக் கல்லு மேலதான் கிடக்கும்.

மாப்பிள்ளை: அப்ப வெள்ளைக் கூழாங்கல் கொட்டிடலாம்.

மாமனார்: கார் எங்க நிக்கும்?

மாப்பிள்ளை: அது மேலதான்.

மாமனார்: உருண்டைக் கல்லு ஒண்ணை ஒண்ணு பிடிக்காது. சக்கரம் ஏறினா ரெண்டு பக்கமும் விலகிப் பள்ளம் விழும். முக்கால் இன்ச் உடைச்ச ஜல்லிக்கு மூலை இருக்கு, கவ்விக்கும். கூழாங்கல்லைச் செடி ஓரமா ரெண்டு இன்ச் கனத்துக்குப் போடுங்க. அடியில ஜியோடெக்ஸ்டைல் துணி, அதுல தண்ணி இறங்கும், மண்ணு கலக்காது. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், தண்ணி இறங்காது.

மாப்பிள்ளை: துணி போட்டா களையே வராதுல்ல?

மாமனார்: கீழேர்ந்து வராது. மேல விழுற சருகு மக்கி, அதுல விதை விழுந்து மேலயே முளைக்கும். பிடுங்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.

மாப்பிள்ளை: வேண்டாம் மாமா, பேவர் பிளாக்கே போட்டுடலாம், அதான் தரையில பதிக்கற சிமெண்ட் கல்லு. 60 மி.மீ. போதும்னு கடைக்காரர் சொன்னார்.

மாமனார்: அவர் நடந்து வந்தா போதும். காரையும் தாங்கும்தான், ஆனா 80 போட்டா இன்னும் உறுதி. சரி, பிளாக்குக்குக் கீழ என்ன?

மாப்பிள்ளை: மணல்.

மாமனார்: மணலுக்குக் கீழ?

மாப்பிள்ளை: பூமி.

(மாமனார் கண்ணை மூடிக்கொண்டு சத்தியத்தை நினைத்துக்கொள்கிறார்.)

மாமனார்: மாப்ளே, பிளாக் உடைஞ்சு கெட்டுப்போன தரை குறைச்சல், அமுங்கிக் கெட்டுப்போனதுதான் ஏகப்பட்டது. காரோட பாரம் கடைசியில போய் நிக்கறது அடியில இறுக்கின ஜல்லி மேல. பெரிசுலேர்ந்து தூள் வரைக்கும் கலந்த ஜல்லி, ஆறு இன்ச். மொத்தமாக் கொட்டி இறுக்கினா மேல மட்டும்தான் இறுகும். மூணு மூணு இன்ச்சா, லேசாத் தண்ணி தெளிச்சு, பிளேட் காம்பாக்டர் ஓட்டணும், அதான் அதிர்ந்து அதிர்ந்து இறுக்கற மெஷின். களிமண்ணா இருந்தா முதல்ல அந்தத் துணியை விரிங்க, இல்லேன்னா ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாச் சேத்துக்குள்ள போயிடும்.

மாப்பிள்ளை: நான் வேற மாதிரி யோசிச்சேன். மணலைத் தாராளமா மூணு இன்ச் போட்டு, மேடு பள்ளத்தை அதுலயே சரிக்கட்டிடலாம்னு.

மாமனார்: (மெதுவாக) மணல் ஒரே ஒரு இன்ச். கனமாப் போட்டா சக்கரத் தடத்துல அது ஒதுங்கும், ஜல்லியில விட்ட பள்ளம் அப்படியே மேல வந்து நிக்கும். கிரஷர் தூசியும், அதான் ஜல்லி உடைக்கறப்ப வர்ற தூள், வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கழுவின கொரகொர மணலா வாங்குங்க. மட்டப்பலகையால இழுத்த பிறகு அது மேல யாரும் நடக்கக் கூடாது.

மாப்பிள்ளை: நான் ஏன் மாமா நடக்கப்போறேன்?

மாமனார்: போனைப் பாத்துட்டே வர்றவங்க யாரும் நடக்கறதா நினைக்கறதில்ல.

மாப்பிள்ளை: ஓரக்கல்லை எஸ்டிமேட்லேர்ந்து அடிச்சுட்டேன். செடி மறைச்சுடும்ல?

மாமனார்: ஓரக்கல்லு அழகுக்கில்ல. பிடிப்பு இல்லேன்னா கடைசி வரிசை வெளிய நகரும், இடுக்கு விரியும், மணல் கழுவிட்டுப் போகும், அப்புறம் மொத்தமும் ஆடும். கான்கிரீட்ல பதிச்சு நிறுத்தச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: டிசைனாவது என் இஷ்டமா?

மாமனார்: நடைபாதையில உங்க இஷ்டம். ஸ்டீயரிங் திருப்பற இடத்துல, கல்லைக் குறுக்கும் நெடுக்குமா மாத்தி வைக்கற மீன்முள் டிசைன்தான். நேர் கட்டமாப் போட்டா இடுக்கெல்லாம் ஒரே கோடு, சக்கரம் தள்ளினா வரிசையே நகரும்.

மாப்பிள்ளை: லெவல் மட்டும் கவலையே வேண்டாம். ரசமட்டம் வச்சு ஒரு நூல் பிசகாமச் சமமா...

மாமனார்: மழைத்தண்ணி எங்க போகும்?

மாப்பிள்ளை: காயும்.

மாமனார்: (டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டு) அடிக்குக் கால் இன்ச் வாட்டம், வீட்டுக்கு வெளிப்பக்கமா. இருபதடிக்கு அஞ்சு இன்ச். அதை ஜல்லியிலயே கொடுத்துடணும். வீட்டுச் சுவரை ஒட்டின இடத்துல பிளாக் மட்டம் உள்தரையை விட ஆறு இன்ச்சாவது கீழ இருக்கட்டும், சுவர்ல ஈரம் ஏறாது.

மாப்பிள்ளை: போட்ட கொஞ்ச நாள்ல வெள்ளையாப் பூக்குதாமே. மட்டமான பிளாக்கா?

மாமனார்: இல்ல, சிமெண்ட்ல இருக்கற சுண்ணாம்பு ஈரத்தோட மேல வந்து காத்து பட்டுப் படியறது. மழையிலயும் துடைப்பத்துலயும் நாளாக ஆகப் போயிடும். அது போறதுக்குள்ள, மேல பூசற சீலர் அடிச்சா வெள்ளை உள்ளயே மாட்டிக்கும். ஆசிட் கிட்டயே கொண்டு போகாதீங்க, கல்லோட மேல்தோலைத் தின்னுடும்.

மாப்பிள்ளை: சரி, எழுதிக்கறேன். 200 சதுர அடி பிளாக்.

மாமனார்: 220. ஓரம் வெட்டறதுல சேதாரம் போகும். மிஞ்சினதைப் பத்திரமா வைங்க, பின்னால வாங்கினா நிறம் சேராது. ஜல்லி இறுகினப்புறம் 100 கன அடி, அதனால வாங்கும்போது 125. மணல் 20, இடுக்குக்கு நைஸ் மணல் தனி.

மாப்பிள்ளை: ஆர்டர் போட்டா நாளைக்கே இங்க இறக்கிடுவாங்க.

மாமனார்: இங்கதானே தோண்டணும்? பிளாக் மூணு, மணல் ஒண்ணு, ஜல்லி ஆறு, ஆகப் பத்து இன்ச். கிட்டத்தட்ட 170 கன அடி மண்ணு. வெட்டினா உப்பி 200 தாண்டும். அதை எங்க போடுவீங்க?

(மாப்பிள்ளை பக்கத்துக் காலி மனையைப் பார்க்கிறார்.)

மாமனார்: அது அவங்க இடம்.

மாப்பிள்ளை: பின்னாடி மரத்தடியில?

மாமனார்: அடிமரத்தைச் சுத்தி மண்ணு ஏத்தினா வேருக்குக் காத்து போகாது, மரம் பட்டுப்போகும். லாரி சொல்லுங்க.

மாப்பிள்ளை: நம்ம கேட் ஏழடிதான் மாமா.

மாமனார்: அப்ப லாரி தெருவுல நிக்கும், மண்ணு சட்டியில போகும்.

மாப்பிள்ளை: எத்தனை சட்டி?

மாமனார்: ஒரு சட்டிக்கு அரைக் கன அடின்னு வச்சாலே நானூறு. போனைக் கீழ வச்சுட்டு வாங்க மாப்ளே.