சட்டை இங்கே, ஆள் எங்கே?

(காலை ஆறேகால் மணி. மாடியில் வீட்டுக்கார டீச்சர். விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், பாடத்திலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கீழே குடியிருப்பவர், இந்த நிமிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் குடியிருக்கிறார். பேச்சு கைப்பேசியில்.)

கீழ்வீட்டுக்காரர்: டீச்சர், ஒரு புகார்.

டீச்சர்: குழாய் ஒழுகுகிறது, அதுதானே? ஆள் வருவான் தம்பி.

கீழ்வீட்டுக்காரர்: மூன்று மாதமாக அவன் வந்துகொண்டேதான் இருக்கிறான். இது வேறு. வாடகை கொடுக்காமல் இன்னொருவர் இங்கே தங்கியிருக்கிறார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறார்.

டீச்சர்: யார் அது?

கீழ்வீட்டுக்காரர்: பாம்பு.

டீச்சர்: அடடே! முழுச் சட்டையா, கிழிந்துவிட்டதா?

கீழ்வீட்டுக்காரர்: முதல் கேள்வியே இதுவா டீச்சர்? "உயிரோடு இருக்கிறீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

டீச்சர்: பேசுகிறீர்களே, இருப்பீர்கள். எங்கே கிடக்கிறது?

கீழ்வீட்டுக்காரர்: வாஷிங் மெஷினுக்குப் பின்னால். துவைக்கப் போட்டதோ என்னவோ.

டீச்சர்: நீளம்?

கீழ்வீட்டுக்காரர்: பார்த்தபோது பத்தடி. நாற்காலியில் ஏறிய பிறகு பார்த்தால் ஆறடி.

டீச்சர்: இன்னும் கொஞ்சம் நில்லுங்கள், ஐந்தாகிவிடும். கழலும்போது சட்டை இழுபட்டு நீளும். பாம்பு அதைவிடக் குட்டையாகத்தான் இருக்கும்.

கீழ்வீட்டுக்காரர்: குட்டை என்றால் ஒளிந்துகொள்ள இடம் இன்னும் அதிகமாகக் கிடைக்குமே!

டீச்சர்: ஆளை அடையாளம் பார்ப்போம். குனிந்து முதுகுச் செதிலைப் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரர்: குனிவதா? நானா?

டீச்சர்: சரி, கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுமுதுகில் ஒரு வரிசை மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கிறதா?

கீழ்வீட்டுக்காரர்: இருந்தால்?

டீச்சர்: கட்டுவிரியன்.

கீழ்வீட்டுக்காரர்: இல்லை. இல்லவே இல்லை.

டீச்சர்: பார்த்துச் சொல்லுங்கள், வேண்டிக்கொண்டு சொல்லாதீர்கள்.

கீழ்வீட்டுக்காரர்: பார்த்துவிட்டேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

டீச்சர்: நல்லது. அது இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது, கடித்த தடமும் சரியாகத் தெரியாது. எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஆபத்தே அதுதான்.

கீழ்வீட்டுக்காரர்: நேற்று இரவு என்னை எறும்பு கடித்தது டீச்சர்!

டீச்சர்: எறும்பு தெரிந்ததா?

கீழ்வீட்டுக்காரர்: தெரிந்தது. நசுக்கினேன்.

டீச்சர்: அப்படியானால் எறும்புதான். தலைப்பக்கம் பாருங்கள். செதில்கள் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாக இருக்கின்றனவா, தகடு தகடாகவா?

கீழ்வீட்டுக்காரர்: தகடு தகடாக. கண் இருக்கும் இடத்தில் கண்ணாடி வில்லை மாதிரி இரண்டு. பெரிது பெரிதாக. என்னையே பார்க்கின்றன.

டீச்சர்: பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில். அதுவும் சட்டையோடு கழன்று வந்துவிடும்.

கீழ்வீட்டுக்காரர்: அப்படியென்றால் தூங்கும்போதும் விழித்திருப்பது போலவே இருக்குமா?

டீச்சர்: ஆமாம்.

கீழ்வீட்டுக்காரர்: எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

டீச்சர்: தகடு தகடாக இருப்பதால் கண்ணாடிவிரியன் இல்லை. கண் பெரிது என்கிறீர்கள். சாரையாக இருக்கலாம். விஷமில்லாதது. மரம் ஏறும், கூரை ஏறும், கெட்டிக்காரப் பிறவி.

கீழ்வீட்டுக்காரர்: "இருக்கலாம்" என்றா சொன்னீர்கள்?

டீச்சர்: நல்லபாம்பாகவும் இருக்கலாம். சட்டையை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல நான் தையற்காரியா? ஆளைக் காணும்வரை விஷமுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டீர்களா?

கீழ்வீட்டுக்காரர்: கூப்பிட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் வருவார். அதற்குள் என்னாலானதைச் செய்துவிட்டேன். வாசல், ஜன்னல் எல்லாம் பூண்டை நசுக்கிப் போட்டேன்.

டீச்சர்: பலன்?

கீழ்வீட்டுக்காரர்: மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாம்பைப் பற்றித் தகவல் இல்லை. பிறகு கைப்பேசியில் மகுடி வைத்தேன்.

டீச்சர்: அதற்கு வெளிக்காது ஏது? தரை அதிர்வைத் தாடை எலும்பால் உணரும். மகுடிக்காரரின் கை அசைவைப் பார்த்துத்தான் படம் எடுத்து ஆடும், ராகத்தை ரசித்து அல்ல.

கீழ்வீட்டுக்காரர்: பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவரும் ரசித்த மாதிரி தெரியவில்லை.

டீச்சர்: போன வாரம் அரணையைப் பார்த்துவிட்டு இதே நாற்காலியில்தானே நின்றீர்கள்?

கீழ்வீட்டுக்காரர்: அரணை நக்கினால் மரணம் என்று...

டீச்சர்: அதற்கு விஷமே கிடையாது. பாவம், எதுகைக்காக அதன் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அரணைக்கு அலறுகிற நீங்கள், இரவில் டார்ச் இல்லாமல், வெறுங்காலோடு குப்பை கொட்டப் போகிறீர்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர்: ஒருவேளை கடித்துவிட்டால்? கயிறு எடுத்து வைத்திருக்கிறேன்.

டீச்சர்: கயிற்றைக் கீழே போடுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது.

கீழ்வீட்டுக்காரர்: குதிகாலில் கடித்தால் எனக்கு வாய் எட்டவே எட்டாது டீச்சர்.

டீச்சர்: மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், வீங்கும். கடிபட்ட காலை அசைக்காமல் நேராக மருத்துவமனை. வேறு எங்கும் நிற்கக் கூடாது.

கீழ்வீட்டுக்காரர்: பாம்பை அடித்து டாக்டரிடம் காட்ட வேண்டாமா?

டீச்சர்: வெட்டிய தலைகூடச் சற்று நேரம்வரை கடிக்கும். உங்களைக் காட்டினால் போதும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்கிறது. 2017இல்தான் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

கீழ்வீட்டுக்காரர்: யார் புறக்கணித்தது? விடிந்ததிலிருந்து நான் வேறு எதையுமே நினைக்கவில்லையே!

டீச்சர்: பாம்பை விடுங்கள், அது ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? போன மாதம் எலி, எலி என்று புலம்பினீர்கள்.

கீழ்வீட்டுக்காரர்: ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். (திடுக்கிட்டு) இவர்தானா அந்த ஆள்?

டீச்சர்: எலி இருக்கும் வீட்டுக்குத்தான் பாம்பு வரும். பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுங்கள், படிக்கட்டுக்கடியில் சாமான் அடைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன்! சுத்தமான வீட்டில் அதற்கு என்ன வேலை? என் வீட்டில் ஒரு எலி காட்டுங்கள் பார்ப்போம்.

கீழ்வீட்டுக்காரர்: தப்புதான் டீச்சர்.

டீச்சர்: சட்டை காய்ந்திருக்கிறதா?

கீழ்வீட்டுக்காரர்: துடைப்பக்கட்டையால் தொட்டுப் பார்த்தேன். ஈரம். துவண்டு கிடக்கிறது.

டீச்சர்: அப்படியானால் இப்போதுதான் கழற்றியிருக்கிறது. தலை எந்தப் பக்கம்?

கீழ்வீட்டுக்காரர்: தோட்டத்துக் கதவுப் பக்கம். அந்த வழியாகப் போய்விட்டது என்றுதான் தைரியமாக வால் பக்கம் நாற்காலியைப் போட்டேன்.

டீச்சர்: காலுறையை மேலிருந்து உருட்டிக் கழற்றினால் உட்புறம் வெளியே வருமே, அதே மாதிரிதான் தம்பி. மூக்கு நுனியில் தொடங்கி, சட்டையைப் பின்னால் உரித்துவிட்டு, பாம்பு முன்னால் ஊர்ந்துகொண்டே போகும். தலைப்பகுதி தொடங்கிய இடத்திலேயே கிடக்கும். கடைசியில் வால் கழல்கிறது பாருங்கள், அந்தப் பக்கம்தான் அது போன திசை.

கீழ்வீட்டுக்காரர்: அதாவது... வால் பக்கம்?

டீச்சர்: வால் பக்கம்.

(நாற்காலி இழுபடும் சத்தம். மேலே நின்றுகொண்டே அதை எப்படி நகர்த்தினார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.)

டீச்சர்: பதறாதீர்கள். வாலுக்கு நேரே என்ன இருக்கிறது?

கீழ்வீட்டுக்காரர்: நாற்காலி இருந்தது. இப்போது இல்லை. அதைத் தாண்டினால் படிக்கட்டு.

டீச்சர்: எந்தப் படிக்கட்டு?

கீழ்வீட்டுக்காரர்: இந்த வீட்டில் இருப்பதே ஒன்றுதானே டீச்சர். உங்கள் வீட்டுக்கு ஏறுவது.

(அமைதி.)

கீழ்வீட்டுக்காரர்: டீச்சர்? கேட்கிறதா? முதல் படியில் தூசி கலைந்திருக்கிறது. இரண்டாவது படியிலும். நன்றாக ஏறும் என்றீர்களே, சரிதான் போலிருக்கிறது. பயப்படாதீர்கள், சாரையாக இருக்கலாம்.

டீச்சர்: பயமா? எனக்கா? நாற்பது வருடம் பாம்பைப் பாட்டிலில் வைத்துப் பாடம் எடுத்தவள் நான். விஷயம் அது இல்லை.

கீழ்வீட்டுக்காரர்: வேறு என்ன? எலி இருக்கும் வீட்டுக்குத்தான்...

டீச்சர்: தம்பி! கொஞ்சம் மெல்லப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிட்டார் என்றீர்களே.

கீழ்வீட்டுக்காரர்: (மெல்ல) சரி டீச்சர்.

டீச்சர்: பாம்பு பிடிக்க வருகிறவருக்கு இந்த வால் கணக்கெல்லாம் தெரியுமா?

கீழ்வீட்டுக்காரர்: அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

டீச்சர்: ம்... அந்தத் துடைப்பக்கட்டை இன்னும் கையில்தானே இருக்கிறது? ஒன்று செய்யுங்கள். மெதுவாக, கிழியாமல், வாலைத் தோட்டத்துக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்: (நீண்ட யோசனைக்குப் பிறகு) டீச்சர், அந்தக் குழாய்...

டீச்சர்: ஆள் இன்றைக்கே வருவான்.